டொலமைட்டைத் தலையில் கட்டும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சிப் பக்கம் சாடியில் பூக்கன்று, தேசிக்கன்று வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். டவுனில் ஒரு விவசாய மருந்துக் கடையில் டொலமைட்டை (மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புக்கல் தூள்) விற்று என்னை ஏமாற்றிவிட்டார்கள்.

என் எக்ஸோராவிலும் தேசிக்கன்றிலும் புதுத் தளிர்கள் மஞ்சளாக வந்தன. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் வெளிறல். கீழே பழைய இலைகள் நல்ல பச்சையாகவே இருந்தன. சாடி மண்ணைப் பையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் இரண்டு கம்பி உள்ள பிஎச் மீற்றர் ஒன்றை அதில் குத்தினார். பிஎச் என்பது மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு: 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். முள் ஐந்தரைக்குப் போனது. "மண் புளிச்சுப் போச்சு அக்கா, டொலமைட் போட்டாச் சரிவந்திடும்" என்றார். இலை எப்படி மஞ்சளாகிறது, என்ன தண்ணீர் விடுகிறேன் என்று ஒரு கேள்வி இல்லை. மீற்றர், டொலமைட், 'எல்லாச் சத்தும்' உள்ள போத்தல் என்று மூவாயிரம் ரூபாவுக்கு மேல் வாங்கிவிட்டார்கள்.

டொலமைட் போட்டபின் வந்த தளிர் கிட்டத்தட்ட வெள்ளை. நுனி கருகி உதிர்ந்தது.

தெரிந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். டொலமைட் போடாத சாடியில் ஒரு கரண்டி மண் எடுத்து வினாகிரி விட்டார். சுர்ரென்று நுரைத்தது! அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேத்தலின் அடியில் படிந்திருக்கும் சுண்ணாம்பைப் பார்த்தாலே தெரியும். அதையே நாள்தோறும் விட, சாடி மண்ணில் சுண்ணாம்பு சேர்ந்து பிஎச் 7.5-ஐத் தாண்டும்போது, மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. அதனால்தான் தளிர் மட்டும் மஞ்சள். தழைச்சத்துக் குறைவென்றால் பழைய இலைதான் முதலில் முழுதாக மஞ்சளாகும். மக்னீசியக் குறைவும் பழைய இலையில்தான் தொடங்கும், ஆனால் நரம்பு பச்சையாக நிற்கும். இவ்வளவும் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமலா வியாபாரம் செய்கிறார்?

மீற்றரையும் சோதித்தோம். அதே சாடியில் காய்ந்த மண்ணில் 7, தண்ணீர் விட்டதும் முள் இறங்குகிறது. அது காட்டுவது ஈரத்தைத்தான். திருப்பிக் கொடுக்கப் போனால், "திறந்த சாமான் எடுக்கேலாது, வெயில் கூட அக்கா, அதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மன்னிப்புக் கூட இல்லை.

பிறகு மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, கூட்டெருவோடு புது மண் இட்டேன். மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரை மட்டும் விட்டேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேற் (இரும்புச் சத்துள்ள உப்பு), கொஞ்சம் தேசிப்புளி கலந்து பின்னேரத்தில் இலைக்குத் தெளித்தேன். எக்ஸோராவில் இப்போது பச்சைத் தளிர் வருகிறது. தேசிக்கன்று பிழைக்குமா தெரியவில்லை.

உங்களிடமும் யாராவது மண் புளித்துவிட்டது என்று டொலமைட் நீட்டினால், முதலில் வீட்டு மண்ணில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்தப் பையைத் தொடவே வேண்டாம். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரை விசாரியுங்கள், மஞ்சள் இலையோடு போங்கள்.