சித்தப்பா சிபாரிசா, சொந்த விண்ணப்பமா?

கல்லூரிப் பிள்ளையை இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்ப எங்கள் வீட்டில் இரண்டு வழியையும் பார்த்தாகிவிட்டது.

மூத்தவனுக்கு நானே இடம் பிடித்தேன். அவன் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனி. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு. ஆனால், 'சார் சொல்லி வந்த பையன்' என்று யாரும் அவனிடம் வேலை சொல்லவில்லை. நாலு வாரமும் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, சான்றிதழோடு வந்தான்.

இளையவளிடம், "நீயே எழுதிப் போடும்மா, டிக்கெட்டும் தங்குற செலவும் என் பொறுப்பு" என்றேன். ராத்திரி அடுக்களையில் உட்கார்ந்து பயோடேட்டாவை வாசித்துக் காட்டுவாள். "இந்த ப்ராஜெக்ட்ல நீ என்ன செஞ்சே?" என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்லிக்கொண்டே அந்த வரியைத் திருத்துவாள். 14 மெயிலில் இரண்டுக்குத்தான் பதில் வந்தது. சென்னையில் ஆறு வாரம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டபோது எனக்குத்தான் கை நடுங்கியது. இரண்டாவது வாரமே போனில், "அப்பா, நான் எழுதின புரோகிராம்ல ஒரு தப்பு. ரெண்டு நாள் தேடி நானே கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். அந்தக் குரலை மூத்தவனிடம் நான் கேட்டதில்லை. அது என் தவறு.

அதற்காகச் சிபாரிசே கூடாது என்று சொல்லமாட்டேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு அறிமுகம் பெரிய தைரியம். நம்பரை வாங்கிக் கொடுங்கள். பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் தளத்தையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எந்த வழியானாலும், முன்பணம் கேட்கும் இடம் மட்டும் வேண்டாம்.