டேட்டன் விமானப்படை மியூசியம் - அந்த ஒரு பலூன் கூடைக்காகவே போகலாம்

ஒஹாயோ பக்கம் வர்றவங்க டேட்டன்ல இருக்கற அமெரிக்க விமானப்படை தேசிய மியூசியத்த விட்டுடாதீங்க. டிக்கெட் கிடையாது, பார்க்கிங்கும் ஃப்ரீ, காலைல 9 மணிலருந்து சாயங்காலம் 5 வரைக்கும். 350க்கும் மேல விமானமும் ஏவுகணையும் இருக்கு, நாள் முழுக்க நடக்கணும், நல்ல ஷூ போட்டுட்டுப் போங்க.

நான் போனது அமெரிக்க விமானப்படை பைலட் ஜோ கிட்டிங்கரோட எக்செல்சியர் கோண்டோலாவ பாக்கத்தான், அதாவது பலூனுக்குக் கீழ தொங்கற கூடை. போட்டோல பாத்து பெரிய கேப்சூல்னு நெனச்சிருந்தேன், நேர்ல பாத்தா திறந்த கூடை, கதவு கூட இல்ல. 1960 ஆகஸ்ட் 16 அன்னிக்கு நியூ மெக்சிகோல இதுலதான் மனுஷன் 1,02,800 அடி, அதாவது 31 கிலோமீட்டருக்கு மேல போயிருக்காரு. அவ்ளோ உயரத்துல உடம்பக் காப்பாத்தற ப்ரஷர் சூட்ல, ஏறும்போதே வலது கை க்ளவுஸ்ல ப்ரஷர் போயிடுச்சு, சொன்னா கீழ இறங்கச் சொல்லிடுவாங்கன்னு ரொம்ப நேரம் வாயத் தெறக்கல, கை ரெண்டு மடங்கு வீங்கிடுச்சு, அந்தக் கையோடவே கூடையோட வாசல் படியிலருந்து குதிச்சாரு. 4 நிமிஷம் 36 செகண்ட் விழுந்துட்டே இருந்தாரு, வேகம் மணிக்கு 988 கிலோமீட்டர். எங்கப்பா அந்தப் படி முன்னாடி அசையாம நின்னுட்டாரு, நானும் கூப்பிடல.

வெறும் சாகசம்னு நெனச்சுக்காதீங்க. ரொம்ப உயரத்துல விமானத்த விட்டு வெளிய குதிக்கற பைலட் பம்பரமா சுத்தி மயங்கிடுவான், அத தடுக்க பல கட்டமா விரியற பாராசூட்ட இதே டேட்டன்ல இருக்கற ரைட்-பேட்டர்சன் தளத்து ஆளுங்கதான் உருவாக்கினாங்க, அத டெஸ்ட் பண்ணத்தான் இவ்ளோவும். 1959 நவம்பர்ல மொத தடவ குதிச்சப்போ சின்ன பாராசூட்டோட கயிறு கழுத்துல சுத்தி, நிமிஷத்துக்கு 120 சுத்து சுத்தி நினைவே போயிடுச்சு, தானா விரியற பாராசூட்தான் காப்பாத்துச்சு. 25 நாள்ல திரும்பவும் குதிச்சிருக்காரு! எனக்கு 1960 விட இதுதான் பெருசு.

அப்புறம் வியட்நாம் போர்ல 483 தடவ பறந்தாரு, 1972 மே மாசம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஹனோய்ல 11 மாசம் கைதி. 1984ல 56 வயசுல தனியா ஹீலியம் பலூன்ல அமெரிக்காவோட மெய்ன்லருந்து அட்லாண்டிக்க தாண்டி இத்தாலில இறங்கி கால ஒடச்சுக்கிட்டாரு. அவரோட உயர சாதனைய 52 வருஷம் கழிச்சு ஆஸ்திரியாவோட ஸ்கைடைவர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் முறியடிச்சப்போ, கீழருந்து ரேடியோல ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்லிக் குடுத்தது 84 வயசு கிட்டிங்கர்தான். தன் சாதனைய ஒடைக்கறவனுக்கு துணையா நிக்கறதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும். 2022 டிசம்பர்ல 94 வயசுல போயிட்டாரு.

அஞ்சுக்கு அஞ்சு, குடும்பத்தோட போங்க. பசங்களுக்கு அந்த க்ளவுஸ் கதைய கார்லயே சொல்லிடுங்க, அப்பதான் கூடைய பாத்ததும் புரியும். வாசல்லயே கேட்டு மொதல்ல அங்க போயிடுங்க, நாங்க மதியத்துக்கு அப்புறம் போனதால அப்பா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாம்னு சொல்றதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடுச்சு.