பெங்களூரு வீட்டு நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப்: லேபிளின் இரண்டாவது வரியைப் படியுங்கள்

பெங்களூரில் குளத்துக்கு ஹீட்டரா என்று கேட்பவர்கள் ஜனவரி விடியலில் தண்ணீரில் காலை விட்டுப் பார்க்கவேண்டும். வெளியே 15 டிகிரி. மூடாத குளத்தில் தண்ணீர் 21, 22க்கு இறங்கியிருக்கும். நீந்த 28 டிகிரி இருந்தால் சுகம்.

முதலில் கணக்கு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 41,600 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். 22லிருந்து 28க்கு ஏற்ற ஏறக்குறைய 290 யூனிட். மின்சார காயில் ஹீட்டர் மாட்டினால் இது முழுக்க மீட்டரில் ஏறும். ஹீட் பம்ப் காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குத் தருவதால், பகல் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 58 யூனிட் அளவில் முடியும். கேஸ் ஹீட்டர் வேகமானது. ஆனால் இதே வேலைக்கு 19 கிலோ சிலிண்டர் ஒன்றரை காலியாகும். வார இறுதியில் மட்டும் திறக்கும் பண்ணை வீட்டுக்கு அது சரி, தினமும் நீந்தும் வீட்டுக்கு வேண்டாம். மாடியில் குளியலுக்கு வைத்த 200 லிட்டர் சோலாரைக் குளத்தோடு இணைக்கலாம் என்று சொல்லும் பிளம்பரை நம்பாதீர்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

ஹீட் பம்ப் அட்டைப்பெட்டி லேபிளில் கொட்டை எழுத்தில் 17 கிலோவாட் என்றிருக்கும். அது காற்று 26, 27 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருக்கும்போது மெஷின் தரும் வெப்பத்தின் அளவு. கீழே பொடி எழுத்தில் 15 டிகிரிக்கான எண் இருக்கும். பெரும்பாலும் 12, 13தான். பெங்களூரு குளிர்கால இரவுக்கு இந்த எண்தான் பொருந்தும். அதனால் ஹீட்டரை இரவில் ஓட்டாமல் காலை 10 முதல் மாலை 4 வரை ஓட்டுங்கள். 17 கிலோவாட் மெஷின் முதல்முறை ஏற்ற இப்படி மூன்று நாள் எடுக்கும். பழுது என்று நினைக்கவேண்டாம்.

ஹீட்டருக்கு முன் வாங்கவேண்டியது குளத்தின் மேல் விரிக்கும் குமிழ் ஷீட் கவர். குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி ஆவியாகித்தான் போகிறது. கவர் இல்லாமல் விட்டால் ஒரே இரவில் இரண்டு டிகிரி போகலாம். அதாவது 97 யூனிட் வெப்பம். கவர் போடப் பிடிக்காதவர்கள் ஹீட்டர் வாங்கும் யோசனையையே விட்டுவிடலாம்.

மெஷின் உள்ளே தண்ணீருக்கு வெப்பத்தைக் கடத்தும் வெப்பமாற்றி டைட்டானியமா என்று கேளுங்கள். செம்பு என்றால் குளோரினும் குறைந்த பிஎச்சும் (அதாவது தண்ணீரின் அமிலத்தன்மை) அரித்துவிடும். பிஎச் 7.2 முதல் 7.8க்குள் நிற்கட்டும். ஒயிட்ஃபீல்ட், சர்ஜாபூர் ரோடு பக்கம் போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ நிரப்புகிறவர்கள் கடினத்தன்மையையும் சோதிக்கவேண்டும். சுண்ணாம்பு படிந்தால் மெஷின் ஓடும், சூடு மட்டும் ஏறாது.

பொருத்தும் வரிசை: பம்ப், ஃபில்டர், ஹீட்டர், கடைசியில் குளோரின் சேர்க்கும் குளோரினேட்டர். குளோரினேட்டருக்கு முன் தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. சர்வீஸின்போது தண்ணீர் ஹீட்டரைச் சுற்றிப் போக மூன்று வால்வு வைத்த பைபாஸ். மெஷினை பம்ப் அறைக்குள் திணிக்காதீர்கள். தான் துப்பும் குளிர்காற்றையே மறுபடி உறிஞ்சும். காற்று வெளியேறும் பக்கம் இரண்டு மீட்டராவது திறந்திருக்கட்டும்.

அடியில் தண்ணீர் சொட்டினால் பதறவேண்டாம். ஏசியில் சொட்டுவது போலத்தான். ஹீட்டரை நிறுத்தி, குளத்து பம்பை மட்டும் ஓட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றால் காற்றின் ஈரம், நிற்காவிட்டால் கசிவு. தண்ணீர் ஓட்டம் குறைவு என்று காட்டும் ஃப்ளோ எரர் வந்தால் முதலில் ஃபில்டரை பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுங்கள். மின்சார வாரிய வேலைக்குப் பிறகு மூன்று ஃபேஸ் மெஷின் கிளம்ப மறுத்தால் ஃபேஸ் வரிசை மாறியிருக்கலாம். எலெக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் ஓடும்.