நின்றே பிழைப்பவர்களுக்கு வெயின் சாக்ஸ் சரிப்படுமா?

கொழிஞ்சாம்பாறையில் பரோட்டா மாஸ்டர் நான். சாயங்காலம் கல் முன்னால் நின்றால் கடை சாத்தும்வரை உட்கார முடியாது. இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டபோது, டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தது, காலை இறுக்கிப் பிடிக்கும் இந்த வெயின் சாக்ஸ். முட்டிக்குக் கீழ்வரை வரும், இறுக்கத்தின் அளவில் இரண்டாம் கிளாஸ்.

பெட்டியில் 23-32 என்று போட்டிருப்பது கணுக்காலில் விழும் அழுத்தம், பி.பி. பார்க்கும் அதே mmHg கணக்கில். மேலே போகப் போக இறுக்கம் குறையும். நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் வெயின் என்கிற ரத்தக்குழாய்; காலில் அந்தக் குழாய்களுக்குள் சின்ன வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கிக் குழாய் வீங்குகிறது. சாக்ஸ் வெளியிலிருந்து அமுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ராத்திரி கால் கனம் நன்றாகவே குறைந்தது, கணுக்கால் வீக்கமும் குறைவு. புடைத்த நரம்பு அப்படியேதான் இருக்கிறது. பெட்டிமேல் இருக்கும் வழுவழு காலை நம்பி வாங்காதீர்கள்.

கடைக்காரர் செருப்பு நம்பரைக் கேட்டு ஒரு சைஸை எடுத்து நீட்டினார். கூடாது. கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள், அதுவும் காலையில், வீக்கம் ஏறுவதற்கு முன்னால். போடுவது ஒரு மல்யுத்தம். படுக்கையை விட்டு எழும் முன்பே மாட்டிவிட வேண்டும். ரப்பர் கையுறை போட்டு இழுத்தால் கொஞ்சம் சுலபம். பாலக்காட்டு மார்ச் வெயிலோடு அடுப்புச் சூடும் சேர்ந்தால் விரல்கள் வெந்துவிடும், விரல் திறந்த வகையையே கேளுங்கள்.

என் சாக்ஸைப் பார்த்து மாவு பிசையும் பையன், “எனக்கும் ஒரு ஜோடி வாங்கணுமாண்ணா?” என்று கையை நீட்டினான். முழங்கை வரை நரம்பு தெரிந்தது. ஒல்லி உடம்பு, தோலுக்கடியில் கொழுப்பில்லை, போதாததற்குச் சூடும் உழைப்பும்; குழாய் விரிந்து எடுப்பாகத் தெரியத்தான் செய்யும். உள்ளே ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம்தான், தோல் வழியே பார்க்கும்போது பச்சையாகவும் நீலமாகவும் தோன்றுகிறது. அவனுக்கு இது தண்டச்செலவு.

சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதை மாட்டக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், சாக்ஸ் கடைக்கல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.