மீடியாவிக்கியா, டோக்குவிக்கியா? மண்டபத்துப் படிப்பகத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்த கதை

மண்டபம் என்ற கடலோர ஊரில் உள்ள எங்கள் படிப்பகத்துக்கு விக்கி, அதாவது பலரும் சேர்ந்து எழுதித் திருத்துகிற தளம், வேண்டும் என்று தோன்றியதே ஒரு சண்டையில்தான். ஒரே மீனுக்குப் பாம்பனில் ஒரு பேர், கீழக்கரையில் ஒரு பேர். எது சரி என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடி, கடைசியில் "எல்லாத்தையும் எழுதி வைங்கடா" என்றார் ஒரு சம்மாட்டி, அதாவது படகுக்காரர். மீன் பேர்களோடு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளும் சேர்ந்தன. தீவுப் பக்கம் பெண்கள் எடுக்கிற மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடல்பாசிகள் பற்றியும் எழுத ஆரம்பித்தோம். சர்வர் வேலை என் தலையில் விழுந்தது. விக்கி நடத்துகிற மென்பொருளாக முதலில் இரண்டு வருஷம் மீடியாவிக்கி, இப்போது டோக்குவிக்கி. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

நிறுவுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் எழுதியவை. கோப்புகளை ஏற்றி, பிரவுசரில் திறந்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் முடிந்தது. மீடியாவிக்கிக்கு மரியாடிபி போல ஒரு டேட்டாபேஸ் வேண்டும். ஒரே கோப்பில் அடங்குகிற எஸ்கியூலைட் டேட்டாபேஸிலும் ஓடும். முடிவில் அது தருகிற லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பை இறக்கி, திரும்பச் சர்வரில் போட வேண்டும். டோக்குவிக்கிக்கு டேட்டாபேஸே கிடையாது. நிர்வாகி பேர், பாஸ்வேர்டு, விக்கி திறந்ததா மூடியதா என்ற கேள்வி, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் இன்ஸ்டால் கோப்பை அழித்துவிடுங்கள்.

வசதியில் மீடியாவிக்கிதான் மேலே. விக்கிப்பீடியாவுக்காகவே பிறந்தது, கேட்கவா வேண்டும். வேர்டில் அடிப்பது போலத் திருத்துகிற விஷுவல் எடிட்டர் 1.35 பதிப்பு முதல் கூடவே வருகிறது. வார்ப்புரு ஒன்று செய்துவிட்டால் எல்லா மீனுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி. டோக்குவிக்கியில் குறியீடு பழக வேண்டும், அதற்கும் பிளக்இன் உண்டு என்றாலும் அது இந்த அளவுக்கு வராது. தேடலில் இரண்டும் ஒன்றுதான். 'கடல்' என்று தேடினால் 'கடலில்' வராது, நடுவில் அந்தப் புள்ளி இடிக்கும். புள்ளியை விட்டு 'கடல' என அடித்து நட்சத்திரக் குறி போட்டால் வரும். இதை எங்கள் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறோம்.

நான் மாறியதற்குக் காரணம் பராமரிப்பு. ஒரு நாள் காலை எங்கள் விக்கி வெறும் வெள்ளைப் பக்கமாக நின்றது. ஹோஸ்டிங்காரர் ராத்திரியோடு பிஎச்பியை 8-க்கு மாற்றியிருக்கிறார். எங்களிடம் இருந்தது 1.35, அது 8-ல் ஓடாது. பாதித் தப்பு என்னுடையதுதான், மேம்படுத்தாமல் போட்டு வைத்திருந்தேன். சரி, பேக்கப் இருக்கிறதே என்று திறந்தால், தமிழ் முழுக்கத் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துக் குப்பை. மீடியாவிக்கி எழுத்துகளை பைனரியாகச் சேமிக்கிறது, நான் டேட்டாபேஸை எடுத்தபோது எழுத்துக்குறி அமைப்பைத் தப்பாகக் கொடுத்திருக்கிறேன். எடுத்த பேக்கப்பை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மீடியாவிக்கியை மேம்படுத்துவது நாள் குறித்துச் செய்கிற வேலை. புதுப் பதிப்பைத் தனி அடைவில் (ஃபோல்டரில்) விரித்து, செட்டிங்ஸ் கோப்பையும் படங்களையும் நகர்த்தி, நீட்சிகளை, அதாவது கூடுதல் வசதிக்குப் போடுகிற துணை நிரல்களை, அதே பதிப்புக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக இறக்கி, பிறகு அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மூன்று வருஷம் ஆயுள். 1.43-க்குப் போக பிஎச்பி 8.1 வேண்டும், 1.35-க்கும் பழையதிலிருந்து நேரே தாவ முடியாது. தூங்கினால் படிப்படியாக ஏற வேண்டும். கவனிக்க ஆள் இருக்கிற இடத்தில் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. எங்களிடம் இருப்பது நான் ஒருத்தன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எழுதுகிறவர்களுக்கும் நேரம், எனக்கும் நேரம்.

டோக்குவிக்கியில் ஒரு பக்கம் என்றால் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. பழைய திருத்தங்கள் 'அட்டிக்' அடைவில், படங்கள் 'மீடியா' அடைவில். மொத்த அடைவையும் பென் டிரைவில் நகல் எடுத்தால் அதுதான் பேக்கப். பழைய டோக்குவிக்கியும் புது பிஎச்பியில் தடுமாறும், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தளம் படுத்தாலும் நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். நாளைக்கு நான் வேலைக்கு வெளியூர் போய்விட்டால், பிஎச்பி என்றால் என்னவென்றே தெரியாத பையனும் ஊர்க்காரர்கள் எழுதியதை மீட்டுவிடுவான். மேம்படுத்த, புதுக் கோப்புகளைப் பழையதன் மேலேயே விரித்தால் போதும். சர்வரோடு சேர்ந்தே வருகிற ஒரு பொதியும் விண்டோஸுக்கு இருக்கிறது. நெட் இல்லாத நாளில் படிப்பகத்துக் கம்ப்யூட்டரில் அதுதான் ஓடுகிறது.

டோக்குவிக்கி போடப் போகிறவர்கள் முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கோப்புப் பேர் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்ற அமைப்பு. வந்தபடி விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாகிறது. உயிர்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'விளைமீன்' என்ற சின்னப் பேரே 72 எழுத்து. லினக்ஸில் ஒரு கோப்புப் பேருக்கு 255 பைட்டுதான் எல்லை. 'சோழகக் காற்றில் வலை போடும் இடங்கள்' என்று தலைப்பு வைத்தேன், சேமிக்கவே மறுத்தது. தமிழை அப்படியே வைக்கிற யுடிஎஃப்-8 என்று மாற்றியதும் சரியானது. பக்கங்கள் சேர்ந்த பிறகு மாற்றினால் பழைய கோப்புகள் எல்லாவற்றுக்கும் பேர் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு, சர்வர் மென்பொருள் அப்பாச்சியாக இல்லாமல் என்ஜின்எக்ஸ் என்றால், வெளியார் அடைவைத் திறக்காமல் தடுக்க அப்பாச்சிக்காக வைத்த கோப்பை அது கண்டுகொள்ளாது. 'டேட்டா', 'கான்ஃப்' அடைவுகளை நீங்களே அடைக்க வேண்டும். டேட்டா அடைவில் உள்ள ஒரு பக்கக் கோப்பின் முகவரியை பிரவுசரில் நேராக அடித்துப் பாருங்கள், 'அனுமதி இல்லை' என்கிற 403 வர வேண்டும்.

இது எங்களுக்கு விளையாட்டு இல்லை. பார்களை, அதாவது மீன் கூடுகிற கடலடிப் பாறைத் திட்டுகளைப் பற்றி எழுதலாமா என்று அந்தச் சம்மாட்டியிடம் கேட்டபோது, "தம்பி, பார் இருக்கிற இடத்தை எழுதுனா நாளைக்கு எல்லா வள்ளமும் அங்கதான் நிக்கும்" என்றார். டோக்குவிக்கியில் ஒரு பகுதியை மட்டும் பூட்டி, இன்னார் மட்டும் வாசிக்கலாம் என்று வைக்கலாம். மீடியாவிக்கி அதற்காகக் கட்டப்பட்டதில்லை என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது. நீட்சி போட்டாலும் தேடல் வழியே கசியலாம்.

எங்களிடம் இருப்பது சில நூறு பக்கம், திருத்துகிறவர்கள் பத்துப் பேருக்குள். ஆயிரக்கணக்கில் போனால் டோக்குவிக்கி எப்படித் தாங்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கல்லூரி ஒன்று, மாறி மாறிக் கவனிக்க ஆட்கள், தினமும் நூறு பேர் திருத்துவார்கள் என்றால் நானே மீடியாவிக்கியைத்தான் சொல்வேன்.

பழைய பக்கங்களை மீட்க, ஹோஸ்டிங்காரரைக் கெஞ்சி ஒரு வாரம் பழைய பிஎச்பியை வாங்கினேன். மீடியாவிக்கியின் ஏற்றுமதிப் பக்கம் வழியாக எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லாக இறக்கி, ஒவ்வொரு பக்கத்து எழுத்தையும் பாண்டாக் என்ற மாற்றித் தரும் நிரலில் கொடுத்து டோக்குவிக்கிக் குறியீட்டுக்கு மாற்றினேன். பத்திகளும் இணைப்புகளும் நன்றாகவே வந்தன. படங்களைத் தனியாக நகலெடுத்தேன். மீன்களுக்கு நான் ஆசையாகச் செய்த அந்த வார்ப்புருப் பெட்டிகள் மட்டும் வரவில்லை. சீலா, ஊளி, பாறை மீன்களுக்கு முடிந்துவிட்டது. மிச்சத்தை இன்னும் கையால்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.