ராயபுரத்து மொட்டை மாடியில் 100 ரூபாய்க்கு ஒரு படம்

ராயபுரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை படம் போடுகிறார்கள். ஆளுக்கு 100 ரூபாய், டீயும் சுண்டலும் சேர்த்து. இந்தத் தடவை ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையிலிருந்து, காரபிங் ஃபிலிம் கலெக்டிவ் 2018இல் எடுத்த ‘தி மெர்மெய்ட்ஸ், ஆர் ஏய்டன் இன் வொண்டர்லேண்ட்’. அரை மணி நேரம்கூட இல்லை. பூர்வகுடிச் சொந்தபந்தங்கள் சேர்ந்து, தாங்களே நடித்து, ஐபோனில் எடுப்பவர்கள். காரபிங் என்றால் அவர்கள் மொழியில் கடல் நன்றாக வற்றித் திரும்பும் நேரமாம். வற்றம் பார்த்துத்தான் எண்ணூர் காட்டுக்குப்பத்தில் எங்கள் அப்பா ஆற்றில் இறங்குவார்.

கதை வருங்காலத்தில் நடக்கிறது. ஊரெல்லாம் நஞ்சு, வெள்ளைக்காரர்களால் வெளியே ரொம்ப நேரம் தாங்க முடியாது, பூர்வகுடிகளால் முடிகிறது. சோதனைக்கென்று கைக்குழந்தையாகத் தூக்கிப்போன ஏய்டனை வளர்ந்தபின் வீட்டுக்கு விடுகிறார்கள். அப்பாவோடும் கூடப்பிறந்தவனோடும் ஊரைச் சுற்றுகிறான்.

“இதுக்குப் பேரு வருங்காலமா அக்கா?” என்றான் என் தம்பி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் எங்கள் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியபோது மக்கில் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றியவன் அவன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு பொங்கல் வரை போகவில்லை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு ஓடினோம். அதனால் முதலில் படம் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் உடம்பு எங்கே தாங்கியது? அப்புறம்தான் உறைத்தது: தாங்குகிறான் என்பதால்தானே அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனார்கள். “உங்களுக்கெல்லாம் பழகியிருக்குமே” என்று கணக்கெடுக்க வந்த ஒருவர் அப்போது எங்களிடமும் கேட்டார்.

இவ்வளவுக்கும் அழுகைப் படமில்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதானே என்கிற மாதிரி சாதாரணமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, குறை. சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும். பின்வரிசைப் பெண் ஒருத்தி தமிழில் சொல்லிக்கொண்டே வந்ததால் தப்பித்தோம். தெருவிளக்கு நேரே திரையில் அடித்ததில் இருட்டுக் காட்சிகள் பாதி வெளுத்துவிட்டன. ஒலிக்குக் குறையில்லை, கல்யாண ஸ்பீக்கர். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த அரை, சுண்டலில் போட்ட மாங்காய்க்கு. போகிறவர்கள் பாய் எடுத்துக்கொள்ளுங்கள், ஏழு மணிக்கும் தரை சுடுகிறது.