முழங்கால் வலி: ஊசியா, பயிற்சியா?

நாள்பட்ட முழங்கால் வலியோடு எலும்பு டாக்டரிடம் போனால், எக்ஸ்ரேயைப் பார்த்துத் 'தேய்மானம்' என்று சொன்ன பிறகு பேச்சு பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்கு வரும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம், இல்லாவிட்டால் பிசியோதெரபிக்குப் போகலாம். எனக்கும் இந்த இரண்டும்தான் சொல்லப்பட்டன. நான் பிசியோதெரபிக்குப் போனேன். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன், ஆகவே இந்த அலசலை நடுநிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, அடிபட்ட பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, முட்டி பாதியில் சிக்கி நீட்ட முடியாமல் நின்றாலோ இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி மாடிப்படி இறங்கும்போது குத்துவது, உட்கார்ந்து எழுந்தால் விறைப்பாக இருப்பது, மழை வெயில் பார்க்காமல் வருஷக்கணக்கில் தொடர்வது, இப்படிப்பட்ட வலியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வேகத்தில் ஊசிதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சியை மருந்து அடக்குவதால் சில நாட்களிலேயே வலி இறங்கிவிடும். ராத்திரி தூங்க முடியாமல் வீங்கிய முட்டியோடு இருப்பவருக்கு அது பெரிய நிம்மதி. பயிற்சியில் அந்த அவசர நிவாரணம் கிடைக்காது, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆனால் ஊசியின் நிவாரணம் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஒரே கேள்விதான். இன்றிலிருந்து ஒரு வருஷம் கழித்து இந்த முட்டி எப்படி இருக்கும்? இதற்கு நேரடியாகப் பதில் தேடிய ஒரு ஆய்வு 2020-இல் வெளியானது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி, மறு பாதிக்கு பிசியோதெரபி கொடுத்தார்கள். வலி, விறைப்பு, அன்றாட வேலையில் சிரமம் மூன்றையும் சேர்த்து 240 வரை போகும் மதிப்பெண்ணால் அளந்தார்கள். அதில் எண் குறையக் குறைய நல்லது. இரு தரப்பும் ஏறக்குறைய 108-இல் தொடங்கின. ஒரு வருஷ முடிவில் ஊசிக்காரர்கள் சராசரி 55.8, பிசியோதெரபிக்காரர்கள் 37. ஊசி போட்டவர்களும் நன்றாகத்தான் தேறியிருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் இடைவெளி சிறியதில்லை.

ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டலாமே என்று தோன்றலாம். 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை என இரண்டு வருஷம் ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். முடிவில் வலியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இதைப் படித்த பிறகு ஊசியை நீண்டகால ஏற்பாடாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை.

பயிற்சியின் பலன் ஏன் நிலைக்கிறது என்றால், அது வலிக்குப் பின்னால் இருக்கும் தசையைப் போய்த் தொடுகிறது. முட்டி வலித்தாலோ வீங்கினாலோ தொடையின் முன்பக்கத் தசை தானாகவே சோம்பிப்போகும், அதை முழுதாக இறுக்க உடம்பே விடாது. தசை மெலிந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வையும் மூட்டு கூடுதலாக வாங்கும், வலி கூடும், நாம் இன்னும் குறைவாக நடப்போம். என்னைப் பரிசோதித்த தெரபிஸ்ட் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொல்லி, முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே உள்பக்கமாக விரலை வைத்துப் பார்த்தார். நல்ல காலில் தசை கல்லாக இறுகியது. வலிக்கிற காலில் நடுங்கி, நடுங்கி, விட்டுப்போனது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார். உடம்பு முழுக்க நல்ல கால் பக்கம் சாய்ந்துதான் எழுந்தது. எக்ஸ்ரேயில் இதெல்லாம் தெரியாது.

ஆனால் பயிற்சியின் முழுப் பலமும் பராமரிப்பில்தான் இருக்கிறது, அதன் பலவீனமும் அங்கேதான். கிளினிக்கில் செய்வது கொஞ்சம், வீட்டில் செய்வதுதான் சிகிச்சை. துண்டு அழுத்துவதில் தொடங்கி, காலை நேராகத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது என்று கடினம் கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரே பயிற்சியை மாதக்கணக்கில் அப்படியே செய்தால் தசை வளர்வது நின்றுவிடும். இடுப்பின் பக்கவாட்டுத் தசையையும் விடக் கூடாது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். பத்துக்கு ஐந்துக்குள் இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் பயமில்லை. இறங்கவில்லை என்றால் அளவைக் குறைக்க வேண்டுமே தவிர, விட்டுவிடக் கூடாது. வலி போனதும் நிறுத்தினால் தசை மறுபடி மெலியும். பல் துலக்குவதைப் போல இது தினசரி வழக்கமாக வேண்டும். அதற்குத் தயாரில்லாதவருக்கு நான் சொல்வது எடுபடாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதில் கிளினிக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முக்கியம். படுக்க வைத்து, முட்டியில் கரண்ட் வைத்து, மெஷினைத் தேய்த்து, நாளைக்கு வாங்க என்று அனுப்பும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். முதல் நாளே நடக்க வைத்து, எழ வைத்து, இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டில் செய்ய இரண்டு மூன்று பயிற்சிகளாவது கற்றுத் தருகிறார்களா என்று பாருங்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசியை நான் போட்டுக்கொண்டதில்லை. 2021-இல் 288 பேரிடம் செய்த ஆய்வில் அது உப்புநீர் ஊசியை விட மேலாக நிற்கவில்லை. துளை போட்டு மூட்டைச் சுத்தம் செய்யும் ஆர்த்ராஸ்கோபியும் தேய்மான வலிக்கு, தோலை மட்டும் கீறிச் செய்யும் பொய் அறுவையை விட மேலில்லை என்று 2002-லேயே தெரிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வுக் கிழிசல் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிவது) என்று வந்தாலும் உடனே கலங்க வேண்டாம். 2008-இல் வந்த ஒரு ஆய்வில் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை. உடல் எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைத்தாலும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும்.

மூட்டு மாற்று அறுவையில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். அறுவைக்குத் தகுதியான 100 பேரை வைத்து 2015-இல் வந்த ஆய்வில், அறுவையும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்களில் 85 சதவீதம் பேரும், அறுவை இல்லாமல் பயிற்சி முதலிய சிகிச்சைகள் மட்டும் கிடைத்தவர்களில் 68 சதவீதம் பேரும் தேறினார்கள். ஆக, முற்றிய தேய்மானத்துக்கு அறுவை கூடுதல் பலன் தருகிறது. கடுமையான பக்கவிளைவுகளும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

ஊசியை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. பயிற்சியைத் தொடங்கவே முடியாத அளவுக்கு வலி இருந்தால், டாக்டரிடம் பேசி ஒரு ஊசி போட்டு, வலி அடங்கியிருக்கும் வாரங்களில் தசையை ஏற்றிக்கொள்ளலாம். மூட்டு மாற்று அறுவை நெருங்குகிறது என்றால் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஊசி போட்டால் தொற்று அபாயம் கூடும். ஒழுங்காகக் கடினம் கூட்டி மூன்று மாதம் பயிற்சி செய்தும் படி இறங்குவதில் மாற்றமே தெரியவில்லை என்றால், செய்த பயிற்சிகளின் குறிப்போடு அதே டாக்டரிடம் திரும்பப் போய், அடுத்து என்ன என்று கேளுங்கள்.